யாரும் தொடாத கழுத்து

பின்கழுத்தில் பிளேடின் குளிர்ச்சி ஒரு நொடி பட்டது. முடிச்சு அறுந்து, கண்டிகை தோலைவிட்டு ஒட்டி ஒட்டிப் பிரிந்து குற்றாலிங்கத்தின் கைக்குப் போனதும், அம்பலவாணன் தோளில் கிடந்த துண்டைச் சட்டென்று இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார், குளத்தில் நிற்கும்போது வேட்டி அவிழ்ந்துவிட்டவரைப் போல. இரண்டு வருஷமாகக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாதது. கழுத்தை ஒட்டி ஒரே சுற்றாகக் கட்டும் ருத்திராட்ச மாலை. இப்போது அது பலகைமேல் ஒரு பித்தளைத் தட்டில், தின்றுவிட்டு ஒதுக்கிய மீன்முள்ளைப் போல வளைந்து கிடந்தது. மீன்முள் என்று தோன்றியதற்காக மனசுக்குள் சிவசிவா என்று சொல்லிக்கொண்டார். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாதவனுக்கு மீன்முள் எங்கிருந்து வந்தது? பஸ் நிலையத்துப் பின்பக்கம் ஓட்டல் எச்சில் தொட்டியில் பார்த்ததாக இருக்கும். நினைப்புக்கு ஆசாரம் கிடையாது, அது எந்தத் தொட்டியிலும் வாய் வைக்கும். "அரைமணி நேரம் ஆகும் அண்ணாச்சி. இருந்து வாங்கிட்டுப் போறியளா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாறியளா?" என்றான் குற்றாலிங்கம். கோயில் தெற்கு மதிலை ஒட்டிய கடை, கடை என்றால் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரவும் எதிரே ஒருத்தர் ஸ்டூலில் உட்காரவும் போதுமான இடம். ருத்திராட்சம், ஸ்படிகம், துளசி, பெண்களின் பவழம் எல்லாம் கோர்த்துக் கொடுப்பவன். "இங்கயே இருக்கேன்வே" என்றார் அம்பலவாணன். இந்தக் கழுத்தோடு தெருவில் எப்படிப் போவது. எதிர்ச் சுவரில், மாலை வாங்குகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. ஸ்டூலைத் தெருப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் வெயில். வெயிலைப் பார்க்கத்தான் திருப்பினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

நூல் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். நாள்தோறும் தலைக்கு ஊற்றிக்கொள்கிறவனுடைய கழுத்தில் கிடந்தால் எந்த நூலும் சுருங்கத்தான் செய்யும். முதலில் கட்டியபோது பின்கழுத்து முடிச்சில் இரண்டு வால் நீளமாகத் தொங்கியது. "பின்னால குடுமி முளைச்சிருக்கு" என்று மனைவி உலகம்மை சிரித்தாள். சிரித்ததோடு சரி, பக்கத்தில் வந்து தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று நான்கு மாசம் கழித்து ஒருநாள் தோசை விழுங்கும்போது மாலை இறுக்குவதுபோல இருந்தது. முடிச்சைக் கொஞ்சம் நகர்த்தி இளக்கிக் கட்டினார். பிறகு தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை. பிறகு ஒரு தடவை. குடுமி எலிவாலாயிற்று, எலிவால் பிறகு வெறும் முனையாயிற்று, போன வாரம் இளக்குவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. சட்டைக் காலர் பித்தானைப் போடாமல் விட்டுவிடலாம், மாலையை என்ன செய்ய. ஒரு மணியைக் கூட்டிப் போடலாமே என்று தோன்றும், ஆனால் கழுத்துக்கு முப்பத்திரண்டு என்பது வரையறை, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பொன்னம்பலம் அப்படித்தான் சொன்னார். ஓய்வுபெற்ற கண்டக்டர் பொன்னம்பலம், காசிக்குப் போய்விட்டு வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலமாக எடுத்து மேசைமேல் வைத்தார். அப்போது அம்பலவாணனுக்குக் குரல் கரகரக்க ஆரம்பித்திருந்த சமயம். பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர் வேலை, கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் செங்கோட்டை, பாவூர்சத்திரம், சுரண்டை என்று நாள் முழுவதும் கத்துகிற வேலை. குரல் கரகரக்காமல் என்ன செய்யும். "கழுத்துல வந்த கோளாறுக்குக் கழுத்துலதான்வே கட்டணும். கையில கட்டினா கேக்குமா? வெறும் ஆறு மாசம் போட்டுப் பாரும். வாயில கெடக்கிற அந்தக் கருமத்தை மட்டும் துப்பிரும்." அந்தக் கருமம் புகையிலை. துப்பினார். மாலை கழுத்தில் ஏறிய அன்றைக்குத் துப்பியது, பிறகு தொடவில்லை. பல பேர் பல வருஷமாகச் சொல்லி விடாததை ஒரு மாலை விடவைத்தது. இருமல் நின்றது. ராத்திரி தூக்கம் வந்தது. டிரைவர்களிடம் ஏலே வாலே என்று எரிந்து விழுவதுகூடக் குறைந்தது, கழுத்தில் அது கிடக்கும்போது வாயில் கெட்ட வார்த்தை வந்தால் மணிகள் ஒருமுறை உறுத்துவதுபோல இருக்கும். "அண்ணாச்சி மாலை போட்டதுலேர்ந்து பஸ்ஸெல்லாம் பக்தியால்லா வருது, ஒண்ணும் நேரத்துக்கு வர மாட்டேங்கு, எல்லாம் தவத்துல நின்னுருது" என்று செங்கோட்டை கண்டக்டர் ஒருத்தன் கேலி பேசினான். அதற்கும் கோபம் வரவில்லை. இதையெல்லாம் யாராவது பொய் என்று சொல்ல முடியுமா. நல்லது செய்திருக்கிறது. குரல் மட்டும்தான் திரும்பி வரவில்லை, அதுவும் வரும், முதலில் உடம்பு, பிறகு குரல் என்று ஒரு வரிசை இருக்கும்.

பிளேடு சின்னச் சின்னதாகச் சத்தமிட்டது. குற்றாலிங்கம் ஒவ்வொரு முடிச்சாக அறுத்து மணிகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். சும்மா இருந்தால் நினைப்பு எங்காவது போகிறது, பேச்சுக் கொடுத்தால் நல்லது. "என்ன நூல்வே போட்டீரு அப்போ? பருத்தியா? ரெண்டு வருஷத்துல இப்படிச் சுருங்கிட்டே" என்றார். குற்றாலிங்கம் தலையைத் தூக்காமலேயே சிரித்தான். "பருத்தியா? நாந்தான அண்ணாச்சி கோத்தேன். தெனமும் தலைக்கு ஊத்துவேன்னு சொன்னியன்னுட்டு நைலான்லா போட்டேன். நைலான் சுருங்கிச்சுன்னா இந்தத் தொழிலை விட்டுட்டு உங்க பஸ் ஸ்டாண்டுல வந்து முறுக்கு விப்பேன்." "பின்ன ஏன் இறுக்குது?" "சதை போட்டிருப்பிய. ரிட்டயராகப் போற வயசுலா? உக்காந்த எடத்து வேலை, மைனி கைச் சாப்பாடு. கழுத்து பெருத்ததுக்கு நூலைப் பழி சொல்லாதிய." சொல்லிவிட்டு அவன் அறுத்த நூல் துணுக்குகளை ஊதித் தள்ளினான். அவை பறந்து ஸ்டூலுக்குக் கீழே விழுந்தன. நைலான். அம்பலவாணன் குனிந்து ஒரு துணுக்கை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். வழவழவென்றிருந்தது. இரண்டு வருஷமாக இது பருத்தி என்று எப்படி நினைத்தோம்? யாரும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. இறுக்கியது, நூல் சுருங்குகிறது என்று தோன்றியது, சுருங்குகிற நூல் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. சரி, நைலான்தான், சதைதான் போட்டிருக்கிறது. சதை என்றதும் கை இடுப்புக்குப் போயிற்று. பெல்ட்டில் ஆணியால் அவரே போட்ட புது ஓட்டை இருந்தது, அதற்கு முன்னால் போட்ட ஓட்டையும் இருந்தது. சட்டைத் தோள் தொங்குகிறது. பொங்கலுக்கு முன்னால் உலகம்மை அவருடைய சட்டைகளையெல்லாம் தையல் மிஷினில் போட்டுப் பக்கவாட்டில் பிடித்தாள். "தைக்கிறவனுக்கு அளவே தெரியல, எல்லாத்தையும் தொளதொளன்னு தச்சு வச்சிருக்கான்" என்று தையற்காரனைத் திட்டிக்கொண்டே பிடித்தாள். அவரும் ஆமாம் என்றார். அந்தத் தையற்காரனிடம்தான் பத்து வருஷமாகத் தைக்கிறார். உடம்பு வற்றுகிறது, கழுத்து பெருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில்தான் நடந்திருக்கிறது, ஆனால் இதுவரை ஒன்றாக நினைத்துப் பார்த்ததில்லை. சட்டை ஒரு நாள், மாலை ஒரு நாள் என்று வேறு வேறு நாளில் நினைத்துக்கொண்டார். சட்டைக்கு ஒருத்தன் பழியை ஏற்றுக்கொண்டான், மாலைக்கு நூல். இப்போது நூல் விலகிக்கொண்டது.

குற்றாலிங்கம் எழுந்து வந்தான். "துண்டை எடுங்க, அளவு எடுத்துக்கிடுதேன்." துண்டை எடுக்காமல் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தார். நூலைத் துண்டுக்குள் விட்டுக் கழுத்தைச் சுற்றி எடுத்து, முனைகளைப் பிடித்து, "நல்ல பெருத்துத்தான் இருக்கு" என்றான் சந்தோஷமாக, தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம். அவன் விரல் தோலில் படவில்லை, மாலை கட்டுகிற கழுத்தைத் தொடக்கூடாது என்று அவனும் ஒரு மரியாதை வைத்திருக்கிறான். நூல் மட்டும் பட்டது. நூல் பட்ட இடத்தில் ரோமம் சிலிர்த்தது. அது அம்பலவாணனை ஆச்சரியப்படுத்தியது. ஒரு நூல் பட்டதற்கா? இந்தக் கழுத்தில் கடைசியாக யார் கை பட்டது? சலூனில் முத்தையா, மாலை போட்ட பிறகு முதல் தடவை போனபோது கத்தியை எடுத்தவன் அப்படியே நிறுத்தி, கையைக் கழுவிவிட்டு வந்து, தாடையோடு நிறுத்திக்கொண்டான். "கீழ நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, எனக்கெதுக்குப் பாவம்." அவரே பார்த்துக்கொண்டார், அதாவது விட்டுவிட்டார். குளிக்கும்போது சோப்பு காதுக்குப் பின்னால் போகும், பிறகு நெஞ்சுக்கு வந்துவிடும். சோப்பு பட்டால் மணி கெட்டுவிடும் என்பதால் நடுவில் ஒரு பாலம்போலத் தாண்டிவிடும். உலகம்மை மாலை போட்ட அன்று சாயங்காலமே தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தன்னால் மாலைக்குத் தீட்டு வந்து, அதனால் அவருக்கு ஏதாவது வந்துவிடக்கூடாதே என்கிற பயம் அவளுக்கு. காய்ச்சல் வந்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். முன்பெல்லாம் கழுத்தில்தான் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். நெத்தி பொய் சொல்லும், கழுத்துதான் சொல்லும் என்பாள். பிறகு அந்த டாக்டரம்மா. போன ஆவணியில், குரல் மிகவும் கம்மிப்போய், மைக்கில் சுரண்டை என்றால் ஜனங்களுக்குக் காற்று மட்டும் கேட்டது என்று சூப்பிரண்டெண்டு விரட்டியதால் போன ஆஸ்பத்திரி. சின்ன வயசுப் பெண், நெற்றியில் கீற்றாகத் திருநீறு. கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுவந்தவள் மாலையைப் பார்த்துத் தயங்கினாள். "கழட்டணுமாம்மா?" என்று இவர் கேட்டார். கேட்ட விதத்தில் கழற்ற மாட்டேன் என்பது இருந்திருக்க வேண்டும். "வேண்டாம் வேண்டாம், இருக்கட்டும் சார். எங்க அப்பாவும் போட்டிருந்தாங்க" என்று கையை எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். சிரப் எழுதினாள். குரலுக்கு ஓய்வு கொடுங்க, குறையலேன்னா கட்டாயம் வாங்க என்றாள். குறையவில்லை. போகவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது ஏதோ ஜெயித்துவிட்டதுபோல இருந்தது இப்போது ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதை உலகம்மையிடமும் சொல்லிக்காட்டினார். எதை ஜெயித்தோம்? நல்ல பெண், அப்பாவை நினைத்துக்கொண்டாள். முத்தையாவும் நல்லவன், பாவத்துக்குப் பயந்தான். உலகம்மை அவருக்காகத்தான் விலகிப் படுத்தாள். ஒருத்தர் பேரிலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் கும்பிட்டு விலகினார்கள், சன்னதியில் நந்திக்குக் குறுக்கே போகாமல் விலகுவதுபோல. நடுவில் இந்தக் கழுத்து தனியாக இருந்தது. தனியாக இருந்து என்ன செய்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது.

தெருவில் ஒரு பெண் பூக்கூடையோடு போனாள். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. பன்னிரண்டு மணி சங்கரன்கோவில் வண்டி இன்றைக்கு நேரத்துக்கு எடுத்தானா தெரியவில்லை. மத்தியான டியூட்டிக்குப் போனால் தெரியும். மத்தியான டியூட்டிக்குப் போகலாம், கண்டிகையைக் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எல்லாம் பழையபடி என்பதில் நினைப்புக்குள் செபஸ்தியான் வந்து நின்றார். டிரைவர் செபஸ்தியான், தொண்டையில் ஆப்பரேஷன் முடிந்து பல மாசம் கழித்து ஒருநாள் பஸ் நிலையத்துக்கு வந்தார், எல்லாரையும் பார்த்துவிட்டுப் போக. கழுத்தைச் சுற்றித் துண்டு. பேச்சு கிடையாது. டீக்கடையில் ஒரு விரலைக் காட்டினார், பிறகு கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சர்க்கரை கொஞ்சம் என்று காட்டினார். மைக் கூண்டுக்கு வந்து அம்பலவாணனைப் பார்த்துச் சிரித்து, மைக்கைச் சுட்டிக்காட்டி, தன்னைச் சுட்டிக்காட்டி, கையை விரித்தார். அது கேலி. தன்னையே வைத்துக் கேலி செய்துகொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், அம்பலவாணனும் சிரித்தார். செபஸ்தியான் இப்போதும் இருக்கிறார், போன மாசம்கூடப் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தையில் நின்றார். இருக்கிறார் என்பதை ஏன் இப்போதுதான் நினைக்கிறோம், இத்தனை நாள் அந்த விரித்த கை மட்டும்தானே வந்துகொண்டிருந்தது? அம்பலவாணனுக்குத் தன் கழுத்தில் துண்டு இருப்பது அப்போது உறைத்தது. துண்டை எடுத்துவிடலாம் என்று கை போயிற்று, பாதியில் நின்றது, நெஞ்சு ரோமத்தைச் சொறிந்துவிட்டு மடிக்குத் திரும்பியது. நீலகண்டன் கழுத்தில் விஷம் நின்றது. பார்வதி கையை வைத்து நிறுத்தினாள், உள்ளே போகாமலும் வெளியே வராமலும். பொன்னம்பலம் இதைச் சொல்லித்தான் மாலையைக் கட்டினார். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை, ஆனால் இப்போதுதான் ஒன்று இடித்தது. அந்த விஷம் பிறகு என்ன ஆயிற்று? கரைந்ததாகவோ இறங்கியதாகவோ எந்தக் கதாகாலட்சேபத்திலும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கேயேதான் இருக்கிறது. அவர் தாங்குகிறார், தாங்கக்கூடியவர். பஸ் நிலையத்து நேரக் காப்பாளன் எதைத் தாங்குவான். ஆனால் அவள் கையை வைத்தாள் இல்லையா. தொட்டால்தானே நிறுத்த முடியும். இந்த இடத்தில் நினைப்பு வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போகப் பார்த்தது. போய்த் தொலையட்டும் என்று விட்டார். தட்டில் கிடந்த மணிகளை எண்ணினார். முப்பத்திரண்டும் இருந்தன. ஏன் எண்ணினோம் என்று யோசித்தபோது, ஒரு மணி குறைந்து கழுத்துக்குள் போயிருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை இருந்தது தெரிந்து, வெட்கமாக இருந்தது.

கை தானாகவே போயிற்று. போகட்டும் என்று அவர் தீர்மானிக்கவில்லை. வலதுகை, துண்டின் மடிப்புக்குள், கொசு கடித்த இடத்தைத் தேடுவதுபோலச் சாதாரணமாக நுழைந்தது. முதலில் தோல். தன்னுடையதுபோல இல்லை. வெயில் படாமல், கத்தி படாமல், குழந்தையின் அக்குள்போல மெத்தென்று, மணிகள் பதிந்த குழிகள் வரிசையாக. ஒவ்வொரு குழியாக விரல் நகர்ந்தது. குரல்வளை. அதற்குப் பக்கத்தில், வலது பக்கம், குழிகள் நின்றுவிட்டன. அங்கே தோல் இழுத்துப் பிடித்தமாதிரி வழவழப்பாக இருந்தது. அடியில் அது இருந்தது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை, வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் போல இருந்தது. கெட்டியாக. விரலை அழுத்தினார். வலி இல்லை. வலித்திருந்தால் என்ன சனியன் என்று திட்டலாம், வலிக்காததோடு எப்படிப் பேசுவது? வலி இல்லாததனால் ஒன்றும் இருக்காது என்று ஒரு குரல் சொன்னது, அது டீக்கடைக் குரல், எல்லா வியாதிக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் குரல். கொழுப்புக் கட்டியாக இருக்கும், நீர் கோத்திருக்கும், ஒன்றிரண்டு வேளை பற்றுப்போட்டால் போய்விடும். வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார். விரலுக்கு அடியில் அது மேலே போய்த் திரும்பக் கீழே வந்தது. கையை எடுக்காமல் இன்னொரு தடவை விழுங்கினார். இன்னொரு தடவை அதுவும் போய் வந்தது. அவர் விழுங்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு கவளத்துக்கும், ஒவ்வொரு சொட்டுக் காப்பிக்கும், தூக்கத்தில் விழுங்கும் எச்சிலுக்கும். அவர் மைக்கில் ஊர்ப் பேர்களைச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. காதில் ரீங்காரம் மாதிரி ஒன்று கேட்டது. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம்தான். ஆச்சரியம் என்னவென்றால், ஆச்சரியமாக இல்லை. திறக்கப் பயந்த கதவைத் திறந்தால், உள்ளே இருப்பது என்னவென்று திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது என்பது தெரிகிறது. முடிச்சை முதல் தடவை இளக்கியபோதே விரலுக்குத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி எதற்காக இளக்கினோம்? மாலைமேல் வைத்த பக்தியில் எவ்வளவு பக்தி, எவ்வளவு இந்தப் பயம்? இரண்டையும் ஒரே நூலில் கோர்த்து, அறுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டோம். புகையிலையை விடவைத்ததும் இதே மாலை, டாக்டரம்மாவின் கையைத் திருப்பி அனுப்பியதும் இதே மாலை. அது ஒன்றும் செய்யவில்லை, பாவம், கட்டிய இடத்தில் கிடந்தது.

"ஆச்சு அண்ணாச்சி" என்றான் குற்றாலிங்கம். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, அல்லது ஆகியிருக்கும். மணிகளுக்கு நடுவில் முடிச்சுகளைக் கொஞ்சம் நீட்டிப் போட்டிருந்தான், எண்ணிக்கை மாறாமல் சுற்றளவு கூடியிருந்தது. நல்லெண்ணெயைத் தொட்டு மணிகள்மேல் தடவி இரண்டு கையிலும் தொங்கவிட்டுப் பிடித்தான். கருத்துப் பளபளவென்றிருந்தது, புதுசுபோல. வாலும் மறுபடி நீளமாக விட்டிருந்தான். "இனிமே எவ்வளவு சதை போட்டாலும் கவலையில்ல. இளக்கிக்கிட்டே போகலாம். குனிங்க, கட்டி விடுதேன்." இளக்கிக்கொண்டே போகலாம். அந்த நீள வாலைப் பார்த்தபோது, முதன்முதலாக, பயம் வந்தது. இன்னும் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறான். குனிந்தால் போதும். பழக்கத்தில் தலை தாழ ஆரம்பித்துவிட்டது. கண்களை மூடிக்கொள்ளலாம், மணிகள் அந்த இடத்தின்மேல் சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும், சாயங்காலம் உலகம்மை கும்பிட்டுக்கொள்வாள், மத்தியானம் சுரண்டை வண்டி. தலை தாழ்ந்த இடத்திலேயே நின்றது. "இரும்வே" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்த பிறகு யாருக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அத்தான், கட்டியாச்சா?" என்றாள் உலகம்மை, எடுத்ததும். பின்னால் குக்கர் சத்தம். "நல்ல நேரம் முடியப் போகுது, சட்டுன்னு கட்டிக்கிடுங்க."

"இன்னும் கட்டல."

"ஏன்? குத்தாலிங்கம் கடை தொறக்கலையா?"

"தொறந்திருக்கு. கோத்துட்டான். நான்தான்…" செருமினார். செருமும்போது அது போய் வந்தது. "கழுத்துல ஒண்ணு இருக்கு உலகு. கட்டி மாதிரி. இப்பம்தான் தொட்டுப் பாத்தேன். வலது பக்கம்."

குக்கர் ஒரு விசில் அடித்தது.

"வலதா?" என்றாள்.

"ம்."

"நான் இடதுன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. இன்னொன்று இருக்கிறதோ என்று விரல் இடது பக்கம் ஓடித் தேடியது. அங்கே ஒன்றுமில்லை, மணிக் குழிகள் மட்டும். பிறகு விளங்கியது. தட்டை வைத்துச் சோறு போடும்போது அவள் எதிரேதான் நிற்கிறாள். காப்பியை நீட்டும்போதும் எதிரேதான். எதிரே நிற்கிறவளுக்கு அவருடைய வலது, இடது. அவர் விழுங்குவதைத் தினமும் எதிரே நின்று பார்த்திருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்க வாய் வந்தது. அவளும் அதையே அவரிடம் கேட்கலாம். கேட்கவில்லை, இரண்டு பேரும்.

"என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றாள். அவள் குரலும் கரகரத்திருந்தது.

"இருக்கேன்."

"அங்கயே இருங்க, நான் வாறேன். அடுப்பை அணைச்சுட்டு வாறேன். அந்த டாக்டரம்மாட்டயே போவோம், அவதான பாத்தா. மாலையைக் கையில வாங்கி வச்சுக்கிடுங்க. கழுத்துல கட்டிக்கிட்டு நிக்காதிய, கேட்டியளா? மறுபடியும் அது இருக்கட்டும் சார்னு சொல்லிருவா."

"கட்டல" என்றார்.

போனைப் பையில் போட்டார். குற்றாலிங்கம் இன்னும் மாலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தான். மணிகளிலிருந்து எண்ணெய் இறங்கி அவன் மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. "எண்ணெய் வழியுதுல்லா அண்ணாச்சி. கை வேற வலிக்கு. குனிஞ்சியன்னா ஒரு நிமிஷ வேலை."

"ஒரு பையில போட்டுத் தாரும்வே" என்றார் அம்பலவாணன். "அவ வந்து கழுத்தைத் தொட்டுப் பாக்கணும்."